ஆற்றுதல்: கொக்கோப் பானமும் கவனப் பழக்கமும்



லூமுட் என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பாசி என்பது பொருள். கடலோரப் பாசியின் பெயரைத் தாங்கிய இவ்வூரில், மொழி மன்றத்தின் மேடையில், ஒரு பானத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இலக்கியமோ இலக்கணமோ கேட்க வந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். இத்தலைப்பை நாம் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நம்மிடம் பயின்ற மாணவி ஒருவர் கேட்ட கேள்வியே ஆகும்.

அவர் இப்பொழுது பணியில் இருக்கிறார். வேலைப் பளுவால் உறக்கம் கெட்டு மனம் சோர்ந்திருந்த நாளில், தோழி ஒருவர் அவரைக் கொக்கோச் சடங்கு ஒன்றுக்கு அழைத்தார். வட்டமாக அமர்ந்து, மெழுகுவர்த்தி ஏற்றி, கசப்பான கொக்கோப் பானத்தை மெல்லப் பருகி, கண்மூடித் தியானிப்பது அந்நிகழ்ச்சி. பானத்தில் ஒரு தெய்வம் உறைகின்றது என்றும், அது நெஞ்சைத் திறக்கும் என்றும் அங்கே சொல்லப்பட்டதாம். “ஐயா, குடித்தபோது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் சொன்ன சொற்களை என்னால் சொல்ல முடியவில்லை. அது யாருடைய சாமி? நான் அதைக் கும்பிடலாமா?” என்று அவர் கேட்டார். நேர்மையான கேள்வி. அதற்கு உடனே விடை சொல்ல நமக்குத் தெரியவில்லை. விடையைத் தேடி நாங்கள் சில ஆசிரியர்கள் மேற்கொண்ட முயற்சியே இன்றைய உரை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நடு அமெரிக்காவின் தொல்குடியினர் இப்பொருளைக் ககவ என்று வழங்கினர். குவாத்தமாலாவின் ரியோ அசுல் என்னும் இடத்தில் மாயா அரசர் காலத்துக் கல்லறை ஒன்றிலிருந்து 1984ஆம் ஆண்டில் மூடியிட்ட மட்கலம் கிடைத்தது. அதன்மேல் மாயா எழுத்தில் கொக்கோவின் பெயர் தீட்டப்பட்டிருந்தது. கலத்தின் உட்புறத்தில் ஒட்டியிருந்த படிவை வேதியியல் முறையில் ஆராய்ந்தபோது, அது கொக்கோவே என்பது உறுதியாயிற்று. எழுதிய சொல்லும் சொல்லப்பட்ட பொருளும் ஒரே கலத்தில் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் காத்திருந்தன என்பது மொழி மாணவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அச்சொல் ஸ்பானியர் நாவில் ககாவோ ஆயிற்று. ஆங்கிலேயர் அதைத் திரித்தனர். மலாயில் கோகோ என்றும் தமிழில் கொக்கோ என்றும் வழங்குகிறோம். 1753இல் லின்னேயசு இம்மரத்துக்குத் தியோபுரோமா, அதாவது தெய்வங்களின் உணவு, என்று அறிவியற்பெயர் சூட்டினார்.

மரத்தின் வரலாறு எழுத்தைவிட மிகப் பழையது. எக்குவடோர் நாட்டின் தென்கிழக்கில் சாந்தா அனா லா புளோரிதா என்னும் அகழிடத்தில், ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் கொக்கோவைப் பயன்படுத்தியதற்கான சான்றுகளை 2018இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். மாயா மக்களிடமும் பின்னர் ஆசுடெக் மக்களிடமும் கொக்கோ விருந்துக்கும் வழிபாட்டுக்கும் உரிய பொருளாக விளங்கியது; அதன் கொட்டை நாணயமாகவும் புழங்கியது. இன்றும் குவாத்தமாலாவின் மாயா சமூகங்கள் சிலவற்றில் சடங்குகளின்போது கொக்கோ இடம்பெறுகின்றது.

ஆனால் நம் மாணவி கண்ட நிகழ்ச்சி அதுவன்று. குவாத்தமாலாவின் அதித்லான் ஏரிக்கரையில் குடியேறிய வெளிநாட்டார் வழியாக, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்று, யோகப் பயிற்சிக் கூடங்களின் வழியே உலகெங்கும் பரவிய புதிய பழக்கம் அது. மாயா மரபிலிருந்து சிலவும், கிழக்கு நாட்டுத் தியான முறைகளிலிருந்து சிலவும், மேலைநாட்டு மனநலப் பேச்சிலிருந்து சிலவும் அதில் கலந்துள்ளன. சடங்குத் தரம் என்று பொட்டலத்தின்மேல் அச்சிட்டு விற்கிறார்கள். அத்தகைய தரத்தை வரையறுக்கும் பன்னாட்டு விதி எதுவும் கிடையாது. புதியது என்பதாலேயே ஒரு பழக்கம் பொய்யாகிவிடாது. எனினும் புதியதைப் பழையது என்று சொல்லி விற்கும்போது கேட்பவர் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

இவ்வளவும் நூல்களிலிருந்து அறிந்தவை. இதற்குமேல் நாங்கள் தேடியபோது ஒன்று உறைத்தது. கொக்கோ நமக்கு அயல் மரம் அன்று. 1798இல் கிழக்கிந்தியக் கும்பினியார் இந்தியாவில் முதன்முதலாகக் கொக்கோ பயிரிட்ட இடம் நம் குற்றாலம். அம்போன் தீவிலிருந்து கொண்டுவந்த வகையை அங்கே எட்டுத் தோட்டங்களில் நட்டார்கள். இன்றைக்கும் பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளில் தென்னைக்கு ஊடுபயிராகக் கொக்கோ நிற்கின்றது. மலாயாவில் அதற்கும் முன்பே, 1778இல், மலாக்காவில் கொக்கோ நடப்பட்டதாகக் குறிப்பு உண்டு. தோட்டப் பயிராக அது வேரூன்றியது 1950களுக்குப் பின்னரே.

நம் பேராக் மாநிலத்துக்கு வருவோம். இங்கிருந்து தெற்கே, பேராக் ஆற்றின் கழிமுகத்துக்கு அப்பால், பாகான் டத்தோ வட்டாரம். கடலோரக் களிமண்ணில் கண்ணுக்கெட்டிய தூரம் தென்னை. கொக்கோ நிழல் விரும்பும் மரம் ஆதலால், 1970களிலும் 1980களிலும் அத்தென்னைகளின் அடியில் அது பரவலாக நடப்பட்டது. 1990இல் மலேசியாவின் கொக்கோ விளைச்சல் ஏறத்தாழ 247,000 டன்னாக உயர்ந்தது. அதன்பின் சரிவு. உலகச் சந்தையில் விலை வீழ்ந்தது. காய்த் துளைப்பான் என்னும் சிறு அந்துப்பூச்சி 1980இல் சபாவில் காணப்பட்டுப் பின்னர் தீபகற்பத்துக்கும் பரவியது. கூலியாள் குறைந்தனர். செம்பனை கூடுதல் வருவாய் தந்தது. அண்மை ஆண்டுகளில் நாட்டின் விளைச்சல் ஆயிரம் டன்னையும் எட்டவில்லை. 1989இல் அமைக்கப்பட்ட மலேசியக் கொக்கோ வாரியத்தின் ஆய்வு நிலையம் பாகான் டத்தோவில் இன்றும் இயங்குகிறது. ஆனால் சாக்லேட் ஆலைகளுக்கு வேண்டிய கொட்டையைப் பெரும்பாலும் கப்பலில் தருவிக்கிறோம்.

அந்தத் தோட்டங்களில் காய் பறித்து உடைத்தவர்களில் நம் மக்களும் இருந்தனர். அவர்களுள் ஒருவரான மூதாட்டியிடம் நாங்கள் பேசினோம். அதிகாலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, கொக்கோ நிரைக்குச் சென்று, காயை உடைத்துக் கொட்டையை வழித்து வாளி வாளியாக நிரப்பிய காலத்தை அவர் சொன்னார். “புளிச்ச வாடை தலைமுடியிலேயே தங்கிடும் தம்பி. எத்தனை தடவை குளிச்சாலும் போகாது. பிள்ளைங்க அந்த வெள்ளைச் சதையைச் சப்பும், இனிப்பா இருக்கும். கொட்டைய அரைச்சுக் குடிக்கலாம்னு எங்களுக்கு யாரும் சொல்லலை. அது துரை ஊட்டுச் சாமான்னு நெனச்சோம்.”

இந்தச் சொற்கள் எங்களை நெடுநேரம் பேசாமல் இருக்கச் செய்தன. ஆண்டுக்கணக்கில் அக்கொட்டையைக் கையால் தொட்டவர் அதன் பானத்தை ஒருமுறையும் அருந்தவில்லை. அவருடைய பேத்தி வயதினர் இன்று கட்டணம் செலுத்தி, தொலைதூர ஏரிக்கரையின் பெயரால், அதே பானத்தைக் கவனத்தோடு பருகக் கற்கிறார்கள். இவ்விரண்டுக்கும் இடையே விடுபட்டுப் போனது எது? உழைப்பின் நினைவு விடுபட்டுப் போயிற்று என்று நாங்கள் கருதினோம். ஆகவே குடிப்பதற்கு முன்னர்ச் செய்யக் கற்போம் என்று முடிவு செய்தோம்.

பாகான் டத்தோ பக்கத்துச் சிறுதோட்டக்காரர் ஒருவரிடம் பதினைந்து காய்கள் வாங்கி வந்தோம். காய் ஒன்றில் முப்பது, நாற்பது கொட்டைகள் வழவழப்பான வெண்சதையில் பொதிந்திருக்கும். கத்தியால் ஓங்கி வெட்டினால் கொட்டையும் வெட்டுப்படும். மரக்கட்டையால் தட்டிப் பிளத்தல் நன்று. அக்கொட்டைகளை ஒரு வாளியிலிட்டு வாழையிலையால் மூடி வைத்தோம். நான்காம் நாள் திறந்து பார்த்தபோது சாம்பல் நிறத்தில் பூஞ்சை படர்ந்திருந்தது. அனைத்தையும் கொட்டிவிட்டோம்.

மீண்டும் அத்தோட்டக்காரரிடமே சென்று காரணம் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, கொஞ்சமாக வைத்தால் சூடேறாது என்றார். கொக்கோவைப் புளிக்க வைப்பதன் சூட்சுமம் அதுவே. முதலில் நொதிகள் சதையின் சர்க்கரையைச் சாராயமாக மாற்றும். பின்னர்க் காற்றுப் புகப் புகப் புளிப்பு நுண்ணுயிர்கள் அதைக் காடியாக மாற்றும். அப்போது குவியல் 45 முதல் 50 பாகை வரை சூடேறும். அந்தச் சூட்டிலும் புளிப்பிலும் கொட்டையின் முளை இறக்கும். உள்ளே ஊதாவாக இருந்த பருப்பு பழுப்பாக மாறும். பின்னாளில் மணமாக விரியப்போகும் பொருள்கள் அப்பொழுதுதான் உருவாகும். சிறு அளவு தனித்திருந்தால் அந்தச் சூடு தங்காது. இரண்டாம் முறை எங்கள் கொட்டைகளை வலைப்பையில் கட்டி, அவருடைய பெட்டியில் இருந்த பெருங்குவியலின் நடுவே வைக்கச் சொன்னார். ஆறு நாள் கழித்து அது நன்றாகப் பதமாகியிருந்தது. இரண்டாம் நாளும் நான்காம் நாளும் குவியலைக் கிளறுவதற்காக நாங்களும் சென்றோம். அன்று மாலை எங்கள் தலைமுடியிலும் அந்த வாடை இருந்தது.

பிறகு பாயில் பரப்பி வெயிலில் காயவைத்தல். ஈரம் ஏழு விழுக்காட்டளவுக்கு இறங்க வேண்டும். எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று; மாலை மழைக்கு ஓடிவந்து அள்ளிய நாள்கள் பல. கையில் எடுத்து நெரித்தால் தோல் படபடவென உடைந்தால் பதம் சரி. அடுத்தது வறுத்தல். இரும்புச் சட்டியில் இளந்தீயில் விடாமல் கிளற வேண்டும். கைப்பேசியைப் பார்த்த ஒரு நிமிடத்தில் ஒரு பக்கம் கருகிவிட்டது. கவனப் பழக்கம் என்பதற்கு எங்களுக்குக் கிடைத்த முதற்பாடம் அக்கருகல் வாடையே என்று சொல்லலாம்.

வறுத்த கொட்டையை உடைத்து முறத்திலிட்டுப் புடைத்தோம். தோல் பறந்தது, பருப்பு தங்கியது. இளைய ஆசிரியர்களுக்குப் புடைக்கத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் வந்து மணிக்கட்டைத் திருப்பும் விதத்தைக் காட்டித் தந்தார். பின்னர் அம்மி. நடு அமெரிக்காவிலும் இதே வேலைக்குச் சாய்ந்த கல்லும் உருட்டுக் கல்லும்தாம் பயன்பட்டன. கண்டத்துக்குக் கண்டம் கடல் இருந்தும், பெண்களின் தோளும் கல்லும் ஒரே அசைவைக் கண்டறிந்துள்ளன. பருப்பின் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. அது 34 பாகையளவில் உருகும். ஆகவே அரைக்க அரைக்கப் பொடி திடீரென நெகிழ்ந்து குழம்பாகிவிடும். அந்தக் கணத்தில் எங்களில் எவரும் பேசவில்லை. பேசாதீர்கள் என்று எவரும் சொல்லவும் இல்லை.

குழம்பை ஆறவைத்துக் கட்டியாக்கினோம். ஒருவருக்கு இருபது கிராம் சீவி, வெந்நீரில் கரைத்து, சிறிது தென்னை வெல்லம் சேர்த்தோம். கொழுப்பு மேலே மிதந்தது. அப்பொழுது எங்களில் ஒருவர், எவரும் கேட்காமலேயே, இரண்டு குவளைகளை எடுத்து உயர்த்தி ஆற்றத் தொடங்கினார். நுரை எழுந்தது, கொழுப்பும் கலந்தது. மாயா மட்கலம் ஒன்றில் தீட்டிய ஓவியத்தில், பெண் ஒருத்தி ஒரு கலத்திலிருந்து தரையில் உள்ள மற்றொரு கலத்துக்குப் பானத்தை உயரத்திலிருந்து ஊற்றுகிறாள். நுரை எழுப்ப அவர்கள் கையாண்ட முறை அது. நம் ஒட்டுக்கடைகளில் நாள்தோறும் தே தாரிக் ஆற்றுவோரின் கை அதையே செய்கின்றது.

இங்கேதான் மொழி மன்றத்துக்குரிய செய்தி வருகின்றது. ஆற்றுதல் என்று சொன்னோம். சூட்டைத் தணித்தல் ஆற்றுதல். அழுதவரைத் தேற்றுதலும் ஆற்றுதல். கடமையைச் செய்தலும் ஆற்றுதல்; பணியாற்றினார் என்கிறோம். புண் ஆறுகின்றது, கோபம் ஆறுகின்றது, நடந்தவர் இளைப்பாறுகிறார். இந்நாட்டுத் தமிழர் காலையில் ஒருவரையொருவர் சந்தித்தால் “பசியாறிட்டீங்களா?” என்று கேட்கிறோம். இவை யாவும் ஒரு வேரினின்று கிளைத்தவை என்று வாதிடுவது நம் நோக்கமன்று. செயலும் தணிவும் ஆறுதலும் நம் நாவில் அருகருகே வாழ்கின்றன என்பதே நாம் காட்ட விரும்புவது. கவனத்தோடு பருகுதல் என்று அயலார் நீளமாக விளக்குவதை, ஆற்றிக் குடி என்று நம் பாட்டிமார் இரண்டு சொற்களில் சொல்லிவிட்டனர். சுடச்சுட விழுங்காதே, பொறு, கையில் உள்ளதைப் பார் என்னும் அறிவுரை அதில் அடங்கியுள்ளது.

இனி அம்மாணவியின் கேள்விக்கு வருவோம். அது யாருடைய சாமி? மாசி மகத்தன்று நம் லூமுட் துறையிலிருந்து படகேறிப் பங்கோர்த் தீவின் பத்ரகாளியம்மன் கோயிலுக்குச் செல்லும் கூட்டத்தை நீங்கள் அறிவீர்கள். பிற இனத்து நண்பர்களும் உடன் வருவர். வரவேற்கிறோம், பிரசாதம் தருகிறோம். அவர்களில் ஒருவர் ஊருக்குத் திரும்பி, திருநீறு பூசிக்கொண்டு, தாமே பூசாரி என்று அறிவித்துக் கட்டணம் பெற்றால் நமக்கு எப்படி இருக்கும்? சினம் வராவிட்டாலும் ஏதோ ஒன்று உறுத்தும். அந்த உறுத்தலை மாயா மக்களுக்காகவும் நாம் உணர வேண்டும். அவர்களின் சடங்கு அவர்களுடையது. அழைத்தால் விருந்தினராகச் செல்லலாம். அழைக்காத தெய்வத்தின் பெயரை நம் வாயால் சொல்ல வேண்டியதில்லை. மரமோ, பானமோ, அதைச் செய்யும் உழைப்போ, பொறுமையோ எவருக்கும் விலக்கப்பட்டவை அல்ல. அவற்றில் நம் முன்னோரின் வியர்வையும் கலந்துள்ளது.

மருந்து என்று எவரேனும் சொன்னால் அங்கே நின்று கேளுங்கள். கொக்கோவில் தியோபுரோமின் மிகுதியாகவும் காபீன் ஓரளவும் உள்ளன. இதயத் துடிப்பை அவை விரைவுபடுத்தக்கூடும், உறக்கத்தைக் கெடுக்கக்கூடும். சடங்குகளில் ஒரே வேளையில் நாற்பது கிராம் வரை தருவதும் உண்டு. இதய நோயுள்ளவர்களும், கருவுற்ற பெண்களும், மனச்சோர்வுக்கு மருந்து உட்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் அந்த அளவைத் தொடக் கூடாது. மனச்சோர்வு நீடிக்குமானால் அதற்குரிய இடம் மருத்துவமனை. ஒரு குவளைப் பானம் ஒரு மாலைப் பொழுதை இதமாக்கலாம். அதற்குமேல் அதன்மீது சுமையேற்றுவது முறையன்று.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வகுப்பில் இதைச் செய்ய விரும்பினால், தியான வழிகாட்டியைத் தேடாதீர்கள். நான்கைந்து காய்களையும், உலர்ந்த கொட்டை கொஞ்சத்தையும், ஒரு முறத்தையும், ஓர் அம்மியையும் கொண்டுவாருங்கள். மாணவர்கள் உடைக்கட்டும், வறுக்கட்டும், புடைக்கட்டும். ஆளுக்குப் பத்து கிராம் போதும். பருகுவதற்குமுன், இது எந்த மண்ணில் விளைந்தது, யார் கை பட்டது என்பதை ஒருவர் எழுந்து சொல்லட்டும். அதன்பின் ஆற்றிக் குடிக்கட்டும். அதுவே போதுமான சடங்கு.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டில் அல்லது பக்கத்தில் கொக்கோக் காட்டில் வேலை செய்த முதியவர் இருப்பார். காய் பறித்த கொக்கிக்கு என்ன பெயர், புளித்த கொட்டையின் பதத்தை எப்படிச் சொன்னார்கள், காயவைத்த களத்தை என்னவென்று அழைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பால்மரத்தைப் பற்றி நம்மவர் கதைகளும் பாடல்களும் எழுதி வைத்தனர். கொக்கோவுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அதன் காலம் குறுகியது. அந்தச் சொற்களை அறிந்தவர்கள் எண்பது வயதைத் தொட்டுவிட்டனர். ஒரு மாயா மட்கலம் தன் பெயரைத் தானே காத்துக்கொண்டது. நம் வாளிகளில் எவரும் பெயர் எழுதவில்லை.

உரையை முடிக்குமுன் ஒன்று சொல்லியாக வேண்டும். நாங்கள் அரைத்த கொக்கோவை அம்மூதாட்டியிடம் எடுத்துச் சென்றோம். நம் மாணவியும் உடன் வந்திருந்தார். அவரே ஆற்றிக் கொடுத்தார். பாட்டி ஒரு வாய் பருகி, முகத்தைச் சுளித்து, “இவ்ளோ கசப்பா? இதுக்கா அவ்ளோ பாடுபட்டோம்!” என்று சிரித்தார். பிறகு இன்னும் கொஞ்சம் வெல்லம் கேட்டு வாங்கிக் கலந்து, குவளையை முழுதும் முடித்தார். மாணவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, காய் உடைத்த கதையை முதலிலிருந்து கேட்கத் தொடங்கினார்.